மார்பில் ஏறும் எழுத்து

தன் பொருளின்மேல் தன் எழுத்தைப் பொறித்துக்கொள்ளும் வழக்கம் தமிழனுக்கு நேற்று வந்ததன்று. முகவை மாவட்டத்தில், வையை கடலொடு கலக்கும் இடத்தை அடுத்து அழகன்குளம் என்றோர் ஊர் உளது. தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 1986-87-இல் அங்கு அகழாய்வைத் தொடங்கியது. மண்ணுக்கடியினின்று வெளிப்பட்ட பானையோடுகளிற் சிலவற்றில் பழந்தமிழ் எழுத்துகள் இருந்தன. ஓர் ஓட்டில் கப்பலின் வடிவம் கீறப்பட்டிருந்தது. உரோமப் பேரரசின் காசுகளும் உடன் கிடைத்தன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன் அத்துறைமுகத்தில் வாழ்ந்தவன் தன் பானையில் எழுதுதற்கு எவரிடமும் இசைவு கேட்டிலன், பொருள் செலவிட்டிலன். எழுத்தறிந்த கையும் எழுதுதற்கு ஒரு பரப்பும் இருந்தன, எழுதினான். அவன் எழுதியது அவனையும் அவன் ஊரையும் கடந்து இன்றும் நின்று பேசுகின்றது.

இன்று அப்பரப்பு சட்டையாக மாறியிருக்கிறது. விரும்பிய படத்தையும் சொல்லையும் விரும்பிய வண்ணத்தில் அச்சிட்டுத் தரும் கடைகள் தமிழகத்து ஊர்தோறும் பெருகிவிட்டன. சடுகுடு அணியினர் தம் அணியின் பெயரை அச்சிட்டுக்கொள்கின்றனர். மணமகனின் தோழர்கள் அவன் பெயரை அச்சிட்டுக்கொள்கின்றனர். திருவிழாவுக்கு ஊர் இளைஞர் ஒரே வகைச் சட்டை அணிகின்றனர். கல்லூரியை விட்டுப் பிரியும் மாணவர் தம் வகுப்பின் நினைவாகச் சட்டை அச்சிடுகின்றனர். கடைப்பலகையில் ‘டிஜிட்டல் பிரிண்டிங்’ என்று எழுதிவைத்திருக்கும் இத்தொழிலை எண்ணிய அச்சு என்று தமிழிற் சொல்லலாம். ‘டி-சர்ட்’ என்பதனைப் பின்னற்சட்டை எனலாம். சொல்லுக்குப் பஞ்சமில்லை. சட்டையின்மேல் ஏறுவது எது, அதனைப் பார்த்து ஏற்றுவார் எவர் என்பதே இங்குக் கேட்கப்படவேண்டிய வினா.

துணியில் வண்ணம் எழுதும் தொழில் இக்கரையார்க்கு அயலானதுமன்று. பழைய அகரமுதலிகளைப் புரட்டுவார் ‘இராமேச்சுரவேர்’ என்றொரு சொல்லைக் காண்பர். சாயவேர் என்றும் இம்பூரல் என்றும் வழங்கும் சிறு பூண்டின் வேர் அது. கடற்கரை மணலில் ஆழ இறங்கும் அவ்வேரினின்று செந்நிறச் சாயம் எடுத்தனர். படிகார நீரில் தோய்த்த பருத்தித் துணியில் அச்சாயம் ஏறினால் பல முறை வெளுத்தாலும் போகாது. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய எழுத்துத் துணிகளின் சிவப்புக்கு இத்தகைய வேரே அடிப்படை. அத்துணிகள் கீழைத் தீவுகட்கும் சென்றன; மேலை நாடுகட்கும் சென்றன. இந்தியத் துணிகளின் வரவால் தம் நெசவாளர் பிழைப்புக் கெடுகின்றது என்று கூறி 1686-இல் பிரான்சு அவற்றைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் இயற்றித் தடுத்தது. ஒரு நாட்டின் துணியைத் தடுக்க இரு பேரரசுகள் சட்டம் இயற்ற நேர்ந்ததெனின், அத்துணியின் அழகும் உறுதியும் எத்தகையனவாயிருந்திருத்தல் வேண்டும்!

பின்னர் என்ன நேர்ந்தது? 1868-இல் கிரேபே, லீபெர்மான் என்னும் செருமானிய வேதியல் அறிஞர் இருவர், வேரிலுள்ள அச்செஞ்சாயப் பொருளைச் செயற்கையாக ஆக்கும் முறையைக் கண்டனர். அடுத்த ஆண்டே அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. மணலில் வேர் அகழ்ந்தவனின் பிழைப்பு மெல்ல மறைந்தது. வேர் மறைந்தது, சொல் அகரமுதலியில் எஞ்சியது. உலகுக்குச் சிவப்பு வண்ணம் ஈந்த கடற்கரை, இன்று வெளியூரில் அச்சிட்ட சட்டையை வாங்கி விற்கும் கடற்கரையாய் நிற்கின்றது. புதிய தொழில்முறை ஒன்று எழுங்கால் அதனைத் தன்வயப்படுத்திக் கொள்ளாத மக்கள் அத்தொழிலுக்கு வெறும் நுகர்வோராய் எஞ்சுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆகலின் எண்ணிய அச்சு வந்திருக்கும் இக்காலத்தில் அதன் இயல்பைத் தமிழர் செவ்வையாக அறிந்துகொள்ளல் வேண்டும்.

முன்னைய திரையச்சு முறையில் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனித் திரை அணியஞ் செய்தல் வேண்டும். நான்கு வண்ணமெனின் நான்கு திரை. ஒரு சட்டைக்காக நான்கு திரை செய்வார் இலர். ஆதலால் இத்தனை சட்டைக்குக் குறையாமல் அச்சிட்டாலன்றிக் கட்டாது என்று கடைக்காரர் கூறுவர். எண்ணிய அச்சில் திரையே இல்லை. கணிப்பொறியில் வரைந்த உருவத்தை மைத்தெளிப்புப் பொறி நேரே துணியின்மேல் நுண்டுளிகளாகத் தெளிக்கின்றது. நீலம், செவ்வூதா, மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு மைகளின் கலப்பால் ஏனைய வண்ணங்களெல்லாம் பிறக்கின்றன. கருந்துணியாயின் முன்னரே ஒரு நீர்மத்தைப் பூசி, முதற்கண் வெள்ளை மையைப் பரப்பி, அதன்மேல் வண்ணம் இடுவர். பின்னர் ஏறக்குறைய 160 செல்சியசு அளவு வெப்பத்தில் அழுத்தி மையைத் துணியோடு பிணிப்பர். மெல்லிய படலத்தில் முதலில் அச்சிட்டு, அதனைச் சூட்டால் துணிக்கு மாற்றும் முறையும் உண்டு. இதற்குப் பேரிடம் வேண்டா; ஒரு சிற்றறை போதும். நூறு சட்டைக்கு ஆகும் அதே உழைப்பின் பங்குதான் ஒரு சட்டைக்கும் ஆகும்.

இதனால் விளையும் நன்மையை மறைத்தல் அறமன்று. சாயக்கழிவால் நொய்யலாறு கெட்டதும், 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் வெளுப்புப் பட்டறைகளையும் மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டதும் நாடறிந்தவை. நிறமி மையைத் தெளித்துச் சூட்டால் பிணிக்கும் இப்புதுமுறையில், அச்சிட்டபின் துணியை நீரில் அலசவேண்டிய தேவை இல்லை. ஆற்றுக்கு அந்த அளவில் தீங்கு குறைவு. முதல் குறைவாக உடைய இளைஞன் ஒருவன் தன் ஊரிலேயே இத்தொழிலைத் தொடங்க முடிகின்றது. நூறு சட்டை வாங்க இயலாத ஏழை மாணவனும் தான் விரும்பும் ஒரு சொல்லைத் தன் சட்டையில் காண முடிகின்றது. பானையில் எழுதியவனுக்கிருந்த உரிமை, இடைக்காலத்து முதலாளிமாரையும் அச்சகங்களையும் கடந்து, மீண்டும் எளியவன் கைக்கு வந்திருக்கின்றது. இது சிறிய பேறன்று.

எனினும், அவ்வுரிமையோடு ஒரு பாதுகாப்பும் போயிற்று என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் முதன்முதல் நூலாக அச்சேறியது தமிழே. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. அன்றுதொட்டு அச்சுக்கும் எழுத்துக்கும் இடையில் சிலர் நின்றுவந்தனர். எழுதியவன் தாளைக் கொடுப்பான். எழுத்துக் கோப்பவர் ஒவ்வோர் எழுத்தாக எடுத்து அடுக்குவார். மெய்ப்புத் திருத்துவோர் படித்துப் பிழை நீக்குவார். அதன்பின்னரே பொறி சுழலும். பழைய அச்சகங்களில் மெய்ப்புத் திருத்தியோருள் புலவர் பலர் இருந்தனர். இன்றோ கைப்பேசியில் வந்த சொல் அப்படியே கணிப்பொறிக்குச் செல்கின்றது. கணிப்பொறியிலிருந்து மார்புக்குச் செல்கின்றது. இடையில் நின்று ‘இது சரியா?’ என்று கேட்பார் ஒருவரும் இலர். பொறி கேளாது, கடைக்காரர் கேட்பதில்லை, அணிபவனுக்கோ கேட்கத் தெரியவில்லை. எழுத்திலும் கருத்திலும் இன்று சட்டைகளில் காணப்படும் சீர்கேடுகளுக்கெல்லாம் இதுவே முதற்கரணியம்.

2020 செப்டம்பரில் நிகழ்ந்ததை நினைவுகூர்க. இசையமைப்பாளர் யுவன் சங்கர் இராசாவும் நடிகர் சிரீசும் சொற்கள் அச்சிட்ட பின்னற்சட்டைகளை அணிந்து எடுத்த படம் ஒன்று வெளியாயிற்று. ஒருவர் சட்டையில் தாம் தமிழ் பேசும் இந்தியர் என்பது ஆங்கிலமும் தமிழும் கலந்து எழுதப்பட்டிருந்தது. மற்றவர் சட்டையில் ‘ஹிந்தி தெரியாது போடா’ என்றிருந்தது. சில நாள்களில் அச்சொற்றொடர் தமிழகமெங்கும் பரவியது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலகங்களுக்கு அத்தகைய சட்டை கேட்டு ஆணைகள் குவிந்தன என்று செய்தித்தாள்கள் எழுதின. திரையச்சு மட்டும் இருந்த காலமாயின், ஓர் உணர்ச்சி எழுந்து சட்டையாக மாறுதற்குள் அவ்வுணர்ச்சியே தணிந்திருக்கும். எண்ணிய அச்சு இருந்தமையால் இன்று கேட்ட சொல் நாளையே மார்பில் ஏறியது.

அச்சொற்றொடரின் பின்னணியை அறியாதார் அதனை விளையாட்டென்று எண்ணுவர். 1938-இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டதும், அதனை எதிர்த்துச் சிறைசென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர்நீத்ததும், 1965-இல் மாணவர் கிளர்ந்தெழுந்ததும் அதன் பின்னே நிற்கின்றன. அன்று போராடியவர் தட்டியிலும் சுவரிலும் கையால் எழுதினர். அவர்தம் பேரன்மார் சட்டையில் எழுதிக்கொண்டனர். உணர்ச்சி ஒன்றே. ஆயினும் ஒரு குறை இருந்தது. இந்தி வேண்டா என்று சொல்லவந்த சொற்றொடரின் முதலெழுத்தே ‘ஹ’! வடசொல் தமிழில் வழங்குங்கால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் எழுதுக என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. ‘இந்தி’ என்று எழுதினால் ஒலி குறையப்போவதில்லை, பொருள் மாறப்போவதில்லை, துணியில் இடமும் மிச்சமாகும். வீட்டுக்குள் வராதே என்று ஒருவனைத் தடுப்பவன், அவன் செருப்பைத் தன் காலில் மாட்டிக்கொண்டு வாயிலில் நின்றாற்போல இருந்தது அது. எழுதியவரின் உள்ளத்தைக் குறைகூறுதற்கு இல்லை. அச்சிடுமுன் தமிழ் கற்றார் ஒருவரிடம் ஒரு நொடி காட்டியிருந்தால் அம்பு குறி தவறாது சென்றிருக்கும்.

இன்னொரு சட்டையைப் பார்ப்போம். ‘தமிழன்டா’ என்பது இளைஞரிடையே பெருவழக்காய் விற்கும் சொல். தமிழன் என்பதும் அடா என்பதும் புணர்ந்தால் ‘தமிழனடா’ என்றாகும். தமிழன் என்று மார்தட்டுபவன் தமிழிலேயே தட்டுதல் அழகன்றோ? இவ்வாறே ‘தமிழ் பெண்’ என்று அச்சிடுகின்றனர். ‘தமிழ்ப் பெண்’ எனல் வேண்டும். ‘முயற்ச்சி’ என்று அச்சிடுகின்றனர். றகர ஒற்றின்பின் மற்றோர் ஒற்று வாராது, ‘முயற்சி’யே சரி. ‘வாழ்க’ என்பது ‘வாள்க’ என்றானால் வாழ்த்து வெட்டாக முடியும். இவற்றைப் புலவர் பூசல் என்று தள்ளுவார் உண்டு. ஆங்கிலச் சொல்லொன்றைப் பிழைபட அச்சிட்ட சட்டையை அவர்கள் அணிவார்களா? கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்பர். அயன்மொழியில் ஒரு பிழைக்கு நாணுபவன் தாய்மொழியில் பத்துப் பிழைக்கும் நாணாமை, எழுத்தறிவின் குறைபாடு மட்டுமன்று, மானத்தின் குறைபாடுமாகும்.

எழுதியவன் பிழையின்றி எழுதினும் பொறி பிழைசெய்யும் இடமும் உண்டு. உலகமொழிகளுக்கெல்லாம் பொதுவாக அமைந்த ஒருங்குறியில் 1991-இலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. எனினும் படம் வரைதற்குரிய மென்பொருள்கள் சிலவற்றில், இந்திய மொழிகளுக்குரிய எழுத்தமைப்பைத் தெரிந்தெடுக்காவிடின் எழுத்துகள் சிதறும். ‘கொ’ என்பதன் ஒற்றைக்கொம்பு ககரத்தின் இடப்புறம் நில்லாது வலப்புறம் போய்விழும். பழைய எழுத்துருக்களில் தட்டிய சொல்லை வேறு கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய் மாறிக்கிடக்கும். சூட்டால் மாற்றும் முறைகள் சிலவற்றில் உருவத்தை இடவலமாகத் திருப்பி அச்சிடவேண்டும்; திருப்ப மறந்தால் துணியில் ஏறுவது கண்ணாடியில் தெரியும் எழுத்தே. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவன் தொலைவூரில் இருந்து இவற்றை அச்சிட்டால் பிழையை அவன் எவ்வாறு காண்பான்? தமிழ் அச்சுத் தமிழ்நாட்டில், தமிழ் படித்தவன் கையால் நிகழவேண்டும் என்பது வெறும் பற்று மட்டுமன்று, தொழிலின் தேவையுமாகும்.

தவறான எழுத்து ஊரில் உலவலாகாது என்று கருதிய ஒருவர் இதே முகவை மண்ணில் வாழ்ந்தார். சேதுபதி மரபைச் சார்ந்த பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவிய வள்ளல். திருக்குறளைத் தம் மனம்போனவாறு திருத்தி ஒருவர் அச்சிட்டு வெளியிட்டபோது, தேவர் அப்படிகளையெல்லாம் விலைகொடுத்து வாங்கி அழித்தார் என்பது தமிழ்ப் புலவரிடை வழிவழியாக வழங்கும் செய்தி. அன்று அது செய்யத்தக்கதாயிருந்தது. பிழை நூல் எண்ணி அடங்கும் படிகளாய் ஓரிடத்தில் இருந்தது. ஒரு வள்ளலின் பொருள் அதனை வாங்கப் போதுமானதாயிருந்தது. இன்று பிழை ஓரிடத்தில் இல்லை. ஊருக்கு ஒரு கடை, கடைக்கு ஒரு பொறி, நாளுக்கு ஒரு சட்டை என்று சிதறிக்கிடக்கின்றது. எத்தனை பாண்டித்துரைகள் வந்தாலும் வாங்கி அழித்தல் இயலாது. ஏறுமுன் தடுப்பதொன்றே வழி.

எழுத்துப் பிழையைக் காட்டினும் கொடியது கருத்துப் பிழை. இராமேசுவரத்தில் 1931 அகுத்தோபர் 15-இல் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவராய் உயர்ந்த அப்துல் கலாமின் நினைவிடம் பேய்க்கரும்பில் உள்ளது. 2017 சூலை 27 முதல் மக்கள் அங்குச் சென்று வணங்கிவருகின்றனர். அவர் உருவமும் அவர் சொன்னதாகக் கூறப்படும் மொழியும் இன்று சட்டையிலும் குவளையிலும் பதாகையிலும் இடம்பெறுகின்றன. அவற்றுள் அவர் எழுதாதனவும் பேசாதனவும் பல. யாரோ எழுதிய ஒரு வரியின்கீழ் அவர் பெயரை இட்டுவிட்டால் அது அவர் மொழியாகிவிடுகின்றது. அச்சேறிவிட்டது என்பதனாலேயே உண்மையென்று நம்பும் எளிய மாணவர் பலர். அறிவியல் படித்து, ஆய்ந்து, சான்று கண்டே பேசிய ஒருவர்க்கு அவர் பெயராலேயே செய்யப்படும் இழுக்கு இது. நூலில் உள்ளதா என்று பார்த்து அச்சிடுக. இல்லையேல் உருவத்தை மட்டும் அச்சிடுக. அவர் முகம் போதும்.

இனிச் சொல்லப்போவது இவையெல்லாவற்றினும் வருந்தத்தக்கது. ஊர் நினைவு நாள்களிலும் திருவிழாக்களிலும், சாதியின் பெயரும் சாதிக்குரிய வண்ணங்களும் சாதிப் பெருமை பேசும் சொற்களும் அச்சிட்ட சட்டைகள் தென்மாவட்டங்களில் பெருகிவருகின்றன. முகவை மண் சாதிப் பூசலால் குருதி சிந்திய மண். 1957-இல் முதுகுளத்தூர் வட்டாரத்தில் மூண்ட கலவரத்தையும், 2011 செப்டம்பர் 11-இல் பரமக்குடியில் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட உயிர்களையும் இம்மண் மறந்துவிடவில்லை. அத்தகைய மண்ணில் பதினைந்து அகவை மாணவன் ஒருவன் தன் சாதியின் பெயரை மார்பில் எழுதிக்கொண்டு தெருவில் நடக்கின்றான். எதிரே வரும் அவன் வகுப்புத் தோழன் அதனைப் படிக்கின்றான். நேற்றுவரை ஒரே பலகையில் அமர்ந்து ஒரே பாட்டை மனப்பாடம் செய்த இருவர், இன்று ஒருவர் மார்பை ஒருவர் படித்து விலகிப் போகின்றனர். அடுத்த திருவிழாவுக்கு அவனும் தன் சாதியின் பெயரை அச்சிடக் கொடுக்கின்றான்.

2023 ஆகத்தில் நாங்குநேரியில், உடன்படிக்கும் மாணவரே ஒரு மாணவனை அவன் வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். அதன்பின் தமிழ்நாட்டரசு அமைத்த, ஓய்வுபெற்ற நடுவர் சந்துரு தலைமையிலான குழு, 2024 சூனில் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கையிறுகளையும் மோதிரங்களையும் நெற்றிக்குறிகளையும் மாணவர் அணிதல் கூடாதென்று அது பரிந்துரைத்தது. கயிறு சாதியைக் குறிப்பால் காட்டுவது. சட்டையோ வெளிப்படையாக எழுத்தில் காட்டுவது. கயிற்றைப் பள்ளி வாயிலில் அவிழ்க்கச் சொல்லலாம். விடுமுறை நாளில் ஊர்த்தெருவில் அணியும் சட்டையை எந்தத் தலைமையாசிரியர் கழற்றச் சொல்ல முடியும்? அங்குப் பள்ளியின் கை நீளாது. பெற்றோரின் கையும் அச்சிடுவோரின் கையும்தாம் நீளும்.

தமிழனடா என்று பெருமிதத்தோடு அச்சிட்ட அதே பொறி, அடுத்த நாழிகையில் தமிழனைத் தமிழனிடமிருந்து பிரிக்கும் சொல்லையும் அச்சிடுகின்றது. மை ஒன்றே, துணி ஒன்றே, அச்சிடும் இளைஞனும் ஒருவனே. அவனைக் கேட்டால், ‘யான் மறுத்தால் பக்கத்துக் கடையில் அச்சிடுவர், வாடகை கொடுக்க வேண்டாவா?’ என்பான். அவன் சொல்வதில் உண்மை உண்டு. அவன் ஒருவனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் முறையன்று. ஆனால் கள் விற்பவனும் இதனையே சொல்வான், கள்ளக் காசு அடிப்பவனும் இதனையே சொல்வான். ஒரு தெருவில் உள்ள கடைக்காரர் அனைவரும் கூடி, சாதிப் பெயரை அச்சிடோம் என்று ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டால், பக்கத்துக் கடை என்னும் அச்சம் அன்றே அகலும். அச்சிடப்படாத அச்சட்டைகளின் வருவாய் எத்துணை? ஒரு நாள் கலவரத்தில் அடைத்துக்கிடக்கும் கடைத்தெருவின் இழப்பு எத்துணை? கணக்குத் தெரிந்தவர் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

சட்டையில் எழுதுவதால் மொழி வளருமா என்று வினவுவார் சிலர். வளராது. நூல் படித்து, பள்ளியில் பயின்று, அலுவலகத்தில் ஆண்டு, தொழிலில் வழங்கித்தான் மொழி வளரும். ‘தமிழ் வாழ்க’ என்னும் சட்டையை அணிந்து, மகனைத் தமிழ் அறியாப் பள்ளியில் சேர்ப்பவன் தமிழுக்கு ஒன்றும் செய்தானல்லன். எனினும் எழுத்துக்கு ஓர் ஆற்றல் உண்டு. அது கண்ணில் படப்பட உள்ளத்தில் பதியும். கடைப்பலகையெல்லாம் அயல் எழுத்தாகவும் சட்டையெல்லாம் அயல் எழுத்தாகவும் கண்டு வளரும் குழந்தை, தன் எழுத்து வீட்டுக்குள் மட்டும் வழங்கத்தக்கது என்று எண்ணிவிடும். தெருவிலும் தன் எழுத்து நடமாடக் கண்டால், அது உலகில் வழங்கும் எழுத்து என்று உணரும். அதனாற்றான் அவ்வெழுத்துப் பிழையற்றதாயும் இழிவற்றதாயும் இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்த நேர்கின்றது.

அவ்வாறாயின் செய்யத்தக்கவை யாவை? அரசாணை வேண்டித் தூக்கம் கொள்ளவேண்டா. ஊரளவில் செய்யக்கூடியவை நான்கு உள.

முதலாவது, அச்சிடுவோர் தம் கடைக்கு ஒரு மெய்ப்பாளரைத் தேடிக்கொள்ளல் வேண்டும். ஊதியம் கொடுத்து ஆள் வைக்கவேண்டும் என்பதன்று. ஒவ்வோர் ஊரிலும் தமிழாசிரியர் உளர். ஓய்வுபெற்ற புலவர் உளர். அச்சிடுமுன் சொல்லைக் கைப்பேசியில் அனுப்பிக் கேட்டால் ஒரு நொடியில் விடை வரும். இங்குத் தமிழ் பிழையின்றி அச்சிடப்படும் என்று ஒரு கடை பலகை வைத்துப் பார்க்கட்டும். அதுவே அக்கடைக்கு நல்ல விளம்பரமாய் அமையும்.

இரண்டாவது, தமிழாசிரியர்கள் இப்பணியை இழிவாகக் கருதலாகாது. தேர்வுத்தாளில் சிவப்பு மையால் பிழை திருத்துவதோடு ஆசிரியர் கடமை முடிந்துவிடாது. மாணவன் எழுதும் தாளை ஆசிரியர் ஒருவரே படிக்கின்றார். அவன் அணியும் சட்டையை ஊரே படிக்கின்றது. ஆண்டுக்கு ஒருமுறை, மாணவர்க்குச் சட்டைக்குரிய சொற்றொடர் எழுதும் போட்டி வைத்து, சிறந்ததைப் பள்ளியின் பெயரால் அச்சிட்டுத் தரலாம். ஐந்து சொல்லுக்குள் பிழையின்றியும் பொருள்பொதிந்தும் எழுதக் கற்பது இலக்கணப் பாடத்திற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, நெசவாளரை மறவாதிருத்தல் வேண்டும். பரமக்குடியிலும் எமனேசுவரத்திலும் கைத்தறி நெய்து வாழும் குடும்பங்கள் பல. தறியில் பல நாள் இருந்து நெய்யவேண்டிய கரையையும் பூவையும் எண்ணிய அச்சு ஒரு நாழிகையில் துணிமேல் படமாக எழுதிவிடுகின்றது. தொலைவிலிருந்து பார்ப்பார்க்கு நெய்ததும் அச்சிட்டதும் ஒன்றுபோலத் தோன்றும். அச்சிட்டதை அச்சிட்டது என்றே சொல்லி விற்பதில் தீங்கில்லை. நெய்தது என்று சொல்லி விற்பது நெசவாளன் சோற்றில் மண் இடுவது. அச்சுத் தொழிலார் அயலூர்ப் பின்னற்சட்டையோடு நில்லாது, நம் தறியில் நெய்த பருத்தித் துணியின்மேலும் தமிழெழுத்தை அச்சிட்டு விற்றால், இரு தொழிலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். இராமேசுவரத்திற்கு வரும் வெளியூரார் வாங்கிச் செல்லும் நினைவுப்பொருள், நெய்ததும் எழுதியதும் முகவை மண்ணிலேயே என்றால் அதற்கு மதிப்புக் கூடுமேயன்றிக் குறையாது.

நான்காவதாக, அணிவோர்க்கு ஒரு சொல். சட்டையைக் கொடுக்குமுன் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்க. இவ்வெழுத்துப் பிழையற்றதா? இச்சொல் உண்மையா? இதனை அணிந்து என் வகுப்புத் தோழன் எவன் வீட்டுக்குள்ளும் தலைநிமிர்ந்து செல்ல முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்பது விடையானால் அச்சிடுக. ஒன்றுக்கேனும் அன்றென்பது விடையானால் வெள்ளைச் சட்டையே அணிக. வெள்ளைச் சட்டை எவரையும் புண்படுத்தியதில்லை.

அழகன்குளத்துப் பானை உடைந்தும் அதன் எழுத்து நின்றது. சட்டையின் எழுத்து அவ்வாறு நிற்காது. சில ஆண்டு வெளுப்பில் மங்கும், துணி கிழியும், வண்டி துடைக்கும் கந்தையாய் முடியும். ஆனால் அது மங்குமுன் எத்தனை கண்கள் அதனைப் படித்திருக்கும்! தந்தையின் மடியில் அமர்ந்து அவன் மார்பில் விரல்வைத்து எழுத்துக்கூட்டும் குழந்தைக்கு, அச்சட்டையே முதற்பாடநூல். அப்பாடநூலில் என்ன எழுதியிருக்கவேண்டும் என்பதை, அச்சிடக் கொடுக்குமுன் ஒவ்வொரு தந்தையும் எண்ணிப் பார்ப்பானாக.